எண்ணும் அதன் கோலமும்

1.234 என்ற வரிவடிவத்தை இங்கிலாந்தில் ஒருவர் படித்தால், ஒன்றும் அதற்கு மேல் ஆயிரத்தில் இருநூற்று முப்பத்து நான்கு பங்கும் என்று கொள்வார். அதையே ஜெர்மனியில் ஒருவர் படித்தால், ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு என்று கொள்வார். இருவரும் தத்தம் பள்ளிக்கூடத்தில் கற்றபடியே படிக்கிறார்கள். இருவரிடத்தும் பிழை இல்லை. ஆயினும் ஒருவர் கணக்குக்கும் மற்றவர் கணக்குக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம் விழுந்துவிடுகிறது. மனிதர் இருவர் நேரில் அமர்ந்து பேசினால் இந்த மயக்கம் ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். இரண்டு நிரல்கள் ஒன்றுக்கொன்று கோப்பு அனுப்பிக்கொள்ளும்போது தெளிவிப்பார் ஒருவரும் இல்லை என்பதனாலேயே இந்த அத்தியாயம் வேண்டியதாயிற்று.

இவ்வேற்றுமையைக் களைய முயற்சி நடக்காமல் இல்லை. அளவைகளுக்கான சர்வதேசப் பொது மாநாடு 1948இல் கூடியபோது, புள்ளியோ காற்புள்ளியோ முழு எண்ணையும் பின்னப் பகுதியையும் பிரிப்பதற்கு மட்டுமே பயன்படத்தக்கது என்றும், நீண்ட எண்களை எளிதில் படிக்கும் பொருட்டு மும்மூன்று இலக்கங்களாகப் பிரிக்க விரும்பினால் நடுவே வெற்றிடம் விடலாமேயன்றி அவ்விடத்தில் புள்ளியும் காற்புள்ளியும் இடலாகாது என்றும் தீர்மானித்தது. 2003இல் அதே மாநாடு இதனை மீண்டும் உறுதிசெய்து, தசமக் குறியாகப் புள்ளியும் இருக்கலாம், காற்புள்ளியும் இருக்கலாம் என்று ஒரு சமரசம் செய்துகொண்டது. விஞ்ஞானிகள் இத்தீர்மானத்தை ஏற்றார்கள், கடைவீதி ஏற்கவில்லை. மென்பொருள் என்பதோ பெரும்பாலும் கடைவீதிக்காகவே எழுதப்படுவது.

ஒரு மொழியும் ஒரு தேசமும் சேர்ந்த ஜோடிக்கு உரிய எழுத்து வழக்கங்களின் தொகுதியை நிரலர்கள் லொக்கேல் என்பார்கள். இந்நூலில் அதை வட்டார அமைப்பு என்றே வழங்குவோம். தசமக் குறி எது, இலக்கங்களைக் கூறுபடுத்தும் குறி எது, எத்தனை இலக்கத்துக்கு ஒரு முறை கூறுபடுத்துவது, கழித்தல் குறியின் வடிவம் என்ன, சதவீதக் குறி எண்ணுக்கு முன்னா பின்னா, இலக்கங்களே எந்த லிபியில் எழுதப்படும் என்பனவெல்லாம் அதில் அடங்கும். இவற்றை ஒவ்வொரு நிரலரும் தாமே சேகரிப்பது ஆகாத காரியமாகையால், யூனிகோட் கூட்டமைப்பினர் சி.எல்.டி.ஆர். என்ற பெயரில் ஒரு பெருந்திரட்டைப் பேணி, ஆண்டுக்கு இரு முறை புதுப்பித்து வெளியிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன், உலாவிகள், ஜாவா, டாட்நெட் ஆகிய யாவும் இன்று பெரும்பாலும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

ஓர் எண்ணுக்கு மதிப்பு என்று ஒன்று உண்டு; கோலம் என்று ஒன்று உண்டு. மதிப்பு நிரலின் உள்ளே வாழ்வது. கோலம் ஒரு குறிப்பிட்ட வாசகரின் கண்ணுக்காகக் கடைசிக் கணத்தில் புனைந்துகொள்வது. அந்த வாசகர் மனிதராகவும் இருக்கலாம், மற்றொரு நிரலாகவும் இருக்கலாம். எண்களைப் பல தேசத்து வழக்கப்படி எழுதுவதில் நேரும் விபரீதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால், அவற்றில் மிகப் பெரும்பாலானவை, படிக்கப்போகிறவர் யார் என்று விசாரியாமலே கோலம் புனைந்ததனால் விளைந்தவை என்பது புலனாகும்.

கேளாமல் வந்த கோலம்

ஜாவாவில் ஒரு பின்ன எண்ணை எழுத்தாக்குவதற்கு இரண்டு வழிகள் அருகருகே இருக்கின்றன. எண்ணை நேரே எழுத்துச் சரமாக மாற்றும் வழி எந்தத் தேசத்திலும் புள்ளியையே இடும். ‘ஸ்ட்ரிங் ஃபார்மட்’ என்ற வழியோ, வட்டார அமைப்பை நாம் சொல்லாமல் விட்டால், அந்தக் கணினியின் இயல்பு அமைப்பு எதுவென்று தானே பார்த்து அதன்படி எழுதிவிடும். ஆகவே ஒன்றரையை இரண்டு தசம ஸ்தானத்தோடு எழுதச் சொன்னால் சென்னையில் 1.50 என்றும் மியூனிக்கில் 1,50 என்றும் வருகிறது. அந்தச் சரத்தை அதே நிரல் அடுத்த வரியில் எண்ணாக மாற்ற முற்படும்போது, அந்த மாற்றும் வழி புள்ளி ஒன்றையே அறிந்ததாகையால், இது எண் அன்று என்று மறுத்து நின்றுவிடும். எழுதியவர் மேஜையில் ஒருபோதும் தோன்றாத பிழை, வாங்கியவர் மேஜையில் முதல் நாளே தோன்றுகிறது. இப்படி நின்றுவிடுவதுகூடப் பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். நில்லாமல் ஓடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

எஸ்.வி.ஜி. என்னும் சித்திர வடிவத்தில் ஆயத்தொலைகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதலாம். கிடையில் 10.5, நெடுக்கில் 20.5 என்ற ஒரு புள்ளியை ஜெர்மன் அமைப்பில் ஓடும் நிரல் எழுதினால் 10,5,20,5 என்று நான்கு எண்கள் ஆகிவிடும். அதை வரையும் நிரல், சற்றும் தயங்காமல், அவற்றை இரண்டு புள்ளிகளாகக் கொண்டு ஒரு கோணல்மாணலான உருவத்தை வரைந்து வைக்கும். பெர்லின் நகரின் அட்சரேகை 52.52, தீர்க்கரேகை 13.40 என்று ஒரு வரைபடச் சேவைக்கு அனுப்ப வேண்டிய முகவரியும் இவ்வாறே 52,52,13,40 என்று சிதறிப்போகும். வலைப்பக்கத்தின் நடைத்தாளில் ஓர் அகலத்தை 12,5% என்று எழுதினால், உலாவி அந்த வரியை ஓசையின்றிப் புறக்கணித்துவிடும். பக்கத்தின் அமைப்பு குலைந்தது மட்டும் கண்ணுக்குத் தெரியும், காரணம் தெரியாது. தரவுத்தளத்துக்கு அனுப்பும் வினவலில் விலையை எழுத்தாக ஒட்டவைக்கும் வழக்கம் உடையவர்களுக்கோ, ஒரு விலை இரண்டு பத்திகளுக்கு உரிய இரண்டு மதிப்புகளாகப் பிளந்து நிற்கும். இந்தக் கடைசி இடத்தில் பரிகாரம் எளிது: மதிப்பை எழுத்தாக்காமலே தனிப் பாராமீட்டராக அனுப்புக. இது வேறு பல காரணங்களுக்காகவும் சொல்லப்படும் உபதேசம். இங்கே அதற்கு இன்னும் ஒரு காரணம் சேர்கிறது என்று கொள்க.

கூறுபடுத்தும் குறியினால் விளையும் தொல்லை இதைவிட நுட்பமானது. ஜாவாவின் செய்தி வார்ப்புருவில் எண் ஒன்றை வைக்க இடம் விட்டு, அவ்விடத்தில் 2024 என்ற ஆண்டைக் கொடுத்தால், ஆங்கில அமைப்பில் 2,024 என்று அச்சாகும். வாடிக்கையாளர் எண்ணை இணைய முகவரியில் சேர்க்கும் வார்ப்புருக்களிலும் இப்படியே. நிரலர் தம் கணினியில் பத்தும் இருபதுமாக மாதிரி வாடிக்கையாளர்களை வைத்துச் சோதிக்கும் வரையில் ஒரு குறையும் காணப்படுவதில்லை; ஆயிரமாவது வாடிக்கையாளர் வந்து சேரும் நாளில், அவருடைய எண்ணின் நடுவே ஒரு காற்புள்ளி முளைத்து, அவர் சொடுக்கும் இணைப்பு எங்கும் போய்ச் சேராமல் முறிகிறது. ஃப்ரீமார்க்கர் என்னும் வார்ப்புரு மொழியில் இது மிக அடிக்கடி நேர்வதால், இந்த எண் மனிதருக்கு அன்று, கணினிக்கு என்று தெரிவிக்கும் தனிக்குறி ஒன்றையே அம்மொழியில் வைத்திருக்கிறார்கள். ஆண்டு, வாடிக்கையாளர் எண், போர்ட் எண், அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண் ஆகியவை இலக்கங்களால் எழுதப்படினும், கூட்டவோ கழிக்கவோ எவரும் எடுத்துக்கொள்ளாத பெயர்களே ஆகையால், அவற்றை எண்ணுக்குரிய கோலத்தின் அருகே கொண்டுபோகலாகாது.

ஆண்ட்ராய்டில் இதன் மற்றொரு முகத்தைக் காணலாம். எகிப்திய அரபு அமைப்பில் இலக்கங்களே அரபு-இந்திய இலக்கங்களாக எழுதப்படுகின்றன. பின்னம் ஏதும் இல்லாத வெறும் முழு எண்ணைக்கூட, வட்டார அமைப்பைக் குறியாமல் எழுத்தாக்கினால், கெய்ரோவில் உள்ள கைபேசி அதை அந்த இலக்கங்களிலேயே எழுதும்; அது அப்படியே சர்வருக்குப் போனால், பூஜ்யம் முதல் ஒன்பது வரை தான் அறிந்த பத்து எழுத்துகளில் ஒன்றையும் காணாத சர்வர் திகைக்கும். காற்புள்ளியைக் குறித்து எச்சரிக்கையாய் இருக்கக் கற்ற நிரலர்களும், இலக்கங்களே மாறும் என்பதை எதிர்பார்ப்பதில்லை. மொராக்கோவின் அரபு அமைப்போ நமக்குப் பழக்கமான 0, 1, 2 என்ற இலக்கங்களையே கொள்கிறது. ஆகவே மொழியை மட்டும் அறிந்து ஊகிக்க இயலாது.

சி மொழியில் வரலாறு வேறு. அங்கே நிரல் தொடங்கும்போது வட்டாரச் சார்பில்லாத அமைப்பே இருக்கும். ‘ஸெட்லொக்கேல்’ என்ற கட்டளையை யாராவது இட்ட பிறகே தேச வழக்கம் உள்ளே வரும். ஆனால் அதை இடுபவர் நாமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஜி.டி.கே. போன்ற வரைகலை நூலகங்கள் தாம் தொடங்கும்போது தாமே அதைச் செய்துவிடுகின்றன. அந்த அமைப்போ நிரல் முழுமைக்கும் பொதுவானது. சாளரம் திறப்பதற்கு முன் 1.5 என்று சரியாக வாசித்த ஒரு கோப்பை, சாளரம் திறந்த பின் வாசித்தால் 1 என்று வாசிக்கும் அதிசயம் இதனால் நேர்கிறது. இதற்காகவே ஜிலிப் நூலகத்தில் எந்த அமைப்பிலும் புள்ளியையே தசமக் குறியாகக் கொள்ளும் தனிச் சார்புகளும், 2017ஆம் ஆண்டின் சி++ தரத்தில் வட்டாரச் சார்பற்ற மாற்று வழிகளும் ஏற்பட்டன.

எனவே முதல் விதி இது: எழுத்தாக்கும் ஒவ்வோர் இடத்திலும் வட்டார அமைப்பை வாய்விட்டுச் சொல்லுக. நிரல் படிப்பதற்காயின் சார்பற்ற அமைப்பு. மனிதர் படிப்பதற்காயின் அந்த மனிதரின் அமைப்பு. இயல்பு அமைப்பு என்பது சர்வரில் இன்னும் பொருளற்றது. அங்கே அது எந்த வாசகரின் அமைப்பும் அன்று, அந்த யந்திரத்தை நிறுவியவர் என்றோ தேர்ந்தெடுத்துவிட்டுப் போன ஒன்று.

திரும்ப வாசித்தல்

எழுதுவதில் விளையும் பிழை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். வாசிப்பதில் விளையும் பிழை தெரிவதில்லை. 1.5 என்ற மூன்று எழுத்துகளையும் ஜெர்மன் அமைப்பில் உள்ள பற்பல கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தால் இது விளங்கும். ஜாவாவின் எண் வாசிப்பானும் டாட்நெட்டின் வாசிப்பானும், புள்ளி என்பது அங்கே கூறுபடுத்தும் குறியாகையால், அதை விலக்கிவிட்டு 15 என்று சொல்லும். சி மொழியின் வாசிப்பான், தனக்குப் புரியாத குறி வந்த இடத்தில் நின்று, 1 என்று சொல்லும். எக்ஸெல் அதை மே மாதம் முதல் தேதி என்று கொள்ளும். ஒன்றேனும் பிழை என்று சொல்வதில்லை. ஓர் இடத்தில் பத்து மடங்கு, ஓர் இடத்தில் பின்னம் முழுதும் நஷ்டம், ஓர் இடத்தில் ஒரு தேதி.

கூறுபடுத்தும் குறி மூன்று இலக்கத்துக்கு முன்னேதான் வந்திருக்கிறதா என்று பார்த்திருந்தாலே 1.5 என்பதை 15 ஆக்கும் விபரீதம் நேர்ந்திராது. ஆனால் ஜாவாவின் வாசிப்பான் தாராள மனம் படைத்தது. குறி எங்கே வந்தாலும் ஏற்கும். அது மட்டுமன்று, சரத்தின் தொடக்கத்தில் எண் போலத் தோன்றும் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு, எஞ்சியதைக் குறித்து மௌனமாய் இருந்துவிடும். பிரெஞ்சு அமைப்பில் இது மிகவும் கொடிது. அங்கே ஆயிரங்களைப் பிரிப்பது வெற்றிடம். ஆனால் அந்த வெற்றிடம் விசைப்பலகையில் நீண்ட பட்டையைத் தட்டினால் வரும் வெற்றிடம் அன்று. யூனிகோட் வரிசையில் 32 என்பது சாதாரண வெற்றிடம். 160 என்பது வரி முடிவில் பிரியாத வெற்றிடம். 8239 என்பது குறுகிய பிரியா வெற்றிடம். திரட்டு சொல்வது 8239. பயனர் தட்டுவது 32. பாரிஸில் ஒருவர் தம் தேசத்து வழக்கப்படி 1 234 என்று ஒழுங்காகத் தட்டினால், நிரல் முதல் இலக்கத்தோடு நின்று ஒன்று என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது.

இதற்குப் பரிகாரம் வாசிப்பான் எந்த இடத்தில் நின்றது என்று கேட்டறிந்து, அது சரத்தின் கடைசி அல்லவானால் பயனருக்குப் பிழை காட்டுவது. வாசிக்குமுன் எல்லா வகை வெற்றிடங்களையும் ஒரே வகையாக்கிக்கொள்வதும் நன்று. 2024இல் வெளிவந்த ஜாவா 23இல் கண்டிப்பான வாசிப்பு முறை ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் எண்ணைத் தேச வழக்கப்படி எழுத வசதி உண்டேயன்றி, அப்படி எழுதியதை வாசிக்க வசதி இல்லை. அங்கே உள்ள ‘பார்ஸ்ஃப்ளோட்’ 12,34,567 என்ற நம் தேசத்து எண்ணைக் கண்டால் 12 என்று சொல்லி ஓய்ந்துவிடும். திரையில் அழகாகக் காட்டிய எழுத்தைத் திரையிலிருந்தே எடுத்து மறுபடி கணக்கிடும் வழக்கம் வலைப்பக்க நிரலர்களிடையே மிகுதி. அதைக் கைவிடுவதே உசிதம். மதிப்பைத் தனியே வைத்துக்கொண்டு, காட்டும்போதெல்லாம் புதிதாய்க் கோலம் புனைக.

மும்மூன்றும் இரண்டிரண்டும்

உலகின் பெரும்பகுதி மும்மூன்று இலக்கங்களாகப் பிரிக்க, இந்தியாவில் நாம் கடைசி மூன்றை விட்டு, அதற்கு மேல் இரண்டிரண்டாகப் பிரிக்கிறோம். லட்சமும் கோடியும் பேச்சில் இருக்கும் வரையில் இது மாறாது. உலாவியில் இந்திய ஆங்கில அமைப்பைச் சொன்னால் 12,34,567 என்று சரியாக வரும். ஜாவாவிலோ, இந்திய அமைப்பையே சொன்னாலும் 1,234,567 என்றுதான் வரும். காரணம், ஜாவாவின் தசம வடிவமைப்பானுக்கு ஒரே ஓர் இடைவெளி அளவுதான் தெரியும். இந்திய வடிவப்படி பல காற்புள்ளிகள் இட்டு ஒரு மாதிரியைக் கொடுத்தாலும், அது கடைசிக் காற்புள்ளிக்கும் எண்ணின் முடிவுக்கும் இடைப்பட்ட அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் கவனியாது. இதைத் தம் நிரலின் பிழை என்று கருதி மாதிரியைத் திருத்தித் திருத்திப் பார்த்துச் சோர்ந்தவர் பலர். ஐ.சி.யு. நூலகத்தின் வடிவமைப்பான் இரண்டு இடைவெளி அளவுகளையும் அறியும். அதைக் கொண்டுவந்து சேர்ப்பதே வழி.

தமிழ் என்று சொல்லிவிட்டதனால் மட்டும் இந்தக் காரியம் முடிந்துவிடாது. திரட்டின்படி இந்தியத் தமிழ் அமைப்பில் 12,34,567 என்றும், சிங்கப்பூர், மலேசியத் தமிழ் அமைப்புகளில் 1,234,567 என்றும் வருகிறது. அந்நாடுகளின் வழக்கத்துக்கு அதுவே பொருத்தம். தேசத்தைக் குறியாமல் தமிழ் என்று மட்டும் சொன்னால் இந்திய முறையே கிடைக்கும். சிங்கப்பூர் வாசகர் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைக்கக்கூடும். இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய எண்களைச் சுருக்கி எழுதும் முறைக்குத் திரட்டில் தமிழுக்கு உரிய குறிகள் பல பதிப்புகளில் ஆயிரத்துக்கு ஆ, மில்லியனுக்கு மி என்று அமைந்திருப்பதால், முழுதாக எழுதினால் 15,00,000 என்று லட்சக் கணக்கில் நிற்கும் அதே எண், சுருக்கினால் 1.5மி என்று ஆகிவிடுகிறது. மதுரையில் ஒரு செய்தித்தளத்தின் வாசகர் மில்லியனில் எண்ணுவதில்லை. இத்தகைய இடங்களில் திரட்டை வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை. அதன் சர்வே கருவியில் பங்கேற்போர் வாக்களித்து மாற்றக்கூடியதே அது. மாறும் வரையில் நம் நிரலில் லட்சத்துக்கும் கோடிக்கும் நாமே குறி அமைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஸ்பானிஷ் அமைப்பு மற்றொரு வகையில் வியப்பூட்டும். 12345 என்பதை 12.345 என்று எழுதும் அது, 1234 என்பதைப் புள்ளியின்றி 1234 என்றே எழுதும். நான்கு இலக்க எண்ணைப் பிரிக்க வேண்டாம் என்பது அங்குள்ள வழக்கம். போர்ச்சுகலிலும் போலந்திலும் அப்படியே. இதைப் பிழை என்று புகார் எழுதுகிறவர்கள் எப்போதும் உண்டு. ஒரே பத்தியில் நான்கு இலக்கமும் ஐந்து இலக்கமும் கலந்து வரும் பட்டியலில் இது கண்ணை உறுத்தும் என்பது மெய்தான். அதற்கு மட்டும் எப்போதும் பிரிக்க என்ற விருப்பத்தை இயக்கிக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் அமைப்பில் மேற்கோள் குறி போன்ற ஒன்று இலக்கங்களைப் பிரிக்கிறது. ஆஸ்திரியாவில் சாதாரண எண்ணுக்கு வெற்றிடமும் பணத்துக்குப் புள்ளியும் வரும். துருக்கியில் ஐம்பது சதவீதம் %50 என்று எழுதப்படும். சதவீதக் குறியை எண்ணின் பின்னே தாமே ஒட்டவைக்கும் நிரலர்கள் அங்கே அகப்பட்டுக்கொள்வார்கள்.

பணமும் பின்னமும்

பணத்தில் நேரும் பிழைகளுள் ஒன்று மற்ற யாவற்றையும் மிஞ்சுவது. பயனரின் வட்டார அமைப்பைக் கொடுத்து, இதன் பண வடிவில் எழுதுக என்று கட்டளையிடும் வசதி பல மொழிகளில் இருக்கிறது. நூறு டாலர் விலையுள்ள பொருளை இந்தியப் பயனருக்கு இப்படிக் காட்டினால் நூறு ரூபாய் என்று காட்டும். நாழி நெல்லின் மேல் மரக்கால் என்று எழுதி ஒட்டியதனால் நெல் பெருகிவிடாது; வடிவமைப்பான் நாணய மாற்று வியாபாரி அன்று. எந்த நாணயம் என்பது மதிப்போடு பிறந்தது, அதோடு கூடவே சேமிக்கப்பட வேண்டியது. எப்படி எழுதுவது என்பது மட்டுமே வாசகரைச் சார்ந்தது. இரண்டையும் தனித்தனியே கொடுக்க.

தசம ஸ்தானமும் நாணயத்தைப் பொறுத்ததே. ரூபாய்க்கு இரண்டு, ஜப்பானின் யென்னுக்கு ஒன்றுமில்லை, குவைத்தின் தினாருக்கு மூன்று. எல்லாத் தொகையையும் நூறால் வகுத்துக் காட்டும் நிரல், யென்னை நூற்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடும்.

முழுமையாக்கும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜாவாவின் வடிவமைப்பான், சரிபாதியாய் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும்; ஆகவே பின்னமின்றி எழுதச் சொன்னால் 2.5 என்பது 2 ஆகும், 3.5 என்பது 4 ஆகும். ஜாவாஸ்கிரிப்ட் பள்ளிக்கூட முறைப்படி 2.5 என்பதை 3 ஆக்கும். உலாவியில் காட்டிய மொத்தமும் சர்வர் அனுப்பிய ரசீதும் ஒரு பைசா வேறுபட்டு நிற்பதற்கு இது பல சமயங்களில் காரணமாகும். இரண்டுமே, ஒன்றும் சொல்லாவிட்டால் மூன்று தசம ஸ்தானத்துக்கு மேற்பட்டதை வெட்டி முழுமையாக்கிவிடும் என்பதையும் நினைவில் வைக்க. இன்னும் ஆழத்தில், 0.8055 என்று நாம் எழுதும் எண் இருமக் கணக்கில் அதைவிட இம்மியளவு குறைந்த ஒன்றாகவே சேமிக்கப்படுகிறது. மூன்று ஸ்தானத்தில் எழுதினால் ஜாவா 7 அதை 0.806 என்றும், அந்தக் குறையைக் கணக்கில் கொள்ளும்படி திருத்தப்பட்ட ஜாவா 8 அதை 0.805 என்றும் எழுதின. பணத்தைத் தசம வகையிலோ பைசாக்களாகவோ சேமிப்பவர்க்கு இந்தக் கவலை இல்லை.

மாறிவரும் வழக்கங்கள்

நிரலில் ஓர் எழுத்தும் மாற்றாதிருக்க, விளைவு மட்டும் மாறும் சந்தர்ப்பங்கள் உண்டு. 2017இல் ஜாவா 9 தன் சொந்தப் பட்டியலை விட்டுத் திரட்டையே இயல்பாகக் கொண்டபோது, அதுவரை தேவநாகரி இலக்கங்களில் எழுதிவந்த இந்தி அமைப்பு 1, 2, 3 என்று எழுதத் தொடங்கியது. பழைய பட்டியலைக் கேட்டுப் பெறும் ஒரு வாசல் சில காலம் திறந்திருந்தது. ஜாவா 23இல் அதையும் மூடிவிட்டார்கள். 2019இல் வந்த ஜாவா 13இல் பிரெஞ்சு வெற்றிடம் 160இலிருந்து 8239ஆக மாறிற்று. கண்ணுக்கு ஒரு வேற்றுமையும் தெரியாது. ஆனால் எதிர்பார்த்த சரத்தையும் கிடைத்த சரத்தையும் ஒப்பிடும் சோதனைகள் தோல்வியுறும். தோல்விச் செய்தியில் இரண்டும் ஒன்றுபோலவே அச்சாகி இருப்பதைக் கண்டு நிரலர் தம் கண்ணையே சந்தேகிப்பார். அத்தகைய சமயத்தில் எழுத்துகளைப் பாராமல், அவற்றின் யூனிகோட் எண்களை அச்சிட்டுப் பார்க்க.

2020இல் டாட்நெட் 5, விண்டோஸிலும் ஐ.சி.யு. நூலகத்தைக் கைக்கொண்டபோது, ஸ்வீடனின் அமைப்பில் கழித்தல் குறி விசைப்பலகையின் 45ஆம் குறியிலிருந்து 8722ஆம் குறியான உண்மைக் கழித்தல் குறியாயிற்று. அச்சுக்கலைக்கு அது அழகே. அந்தச் சரத்தைப் பெறும் வேறொரு நிரலுக்கு அது எண்ணே அன்று. நோட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் சூழலிலோ, 2019இல் வந்த 13ஆம் பதிப்புக்கு முன், ஆங்கிலம் ஒன்றின் தரவே இயல்பாய்ச் சேர்க்கப்பட்டிருந்தமையால், ஜெர்மன் அமைப்பைக் கேட்டாலும் ஆங்கிலக் கோலமே கிடைத்தது. உலாவியில் சரியாகவும் சர்வரில் தவறாகவும் வரும் ஒரே வரி என்று பலர் மயங்கியது இதனால்தான். இன்றும் அளவைச் சுருக்குவதற்காக வட்டாரத் தரவு நீக்கப்பட்ட சிறு கன்டெய்னர்களில் டாட்நெட் நிரல்கள் ஓடும்போது இதற்கு ஒப்பான அனுபவம் நேரும். பணக்குறி இருக்க வேண்டிய இடத்தில் நாற்புறமும் கதிர் நீட்டிய ஒரு சிறு வட்டம் தோன்றினால், தரவு இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆகவே கோலம் புனைந்த சரத்தைச் சோதனையில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது வீண் உழைப்பு. நம் நிரல் சரியான மதிப்பையும் சரியான வட்டார அமைப்பையும் வடிவமைப்பானிடம் கொடுத்ததா என்பதைச் சோதிக்க. புள்ளி எங்கே விழுந்தது என்பது திரட்டினரின் பொறுப்பு. கோலம் புனைந்த சரத்தைத் தரவுத்தளத்தில் சேமிப்பதும் கூடாது. அடுத்த பதிப்பில் அதே எண் வேறு சரமாக வந்து, ஒன்றையே இரண்டாகக் காட்டும்.

சோதனைக்கு உகந்த எண்கள்

சோதனைக்கு 5, 10, 100 என்ற எண்களை எடுத்துக்கொள்வோர் ஒரு குறையையும் காணமாட்டார்கள். கழித்தல் குறியோடு கூடிய 1234567.125 என்ற ஓர் எண்ணை எடுத்துக்கொண்டால், குறியின் வடிவம், இரண்டு இடத்துக் கூறுபாடு, தசமக் குறி, இரண்டு ஸ்தானத்துக்கு வெட்டும்போது சரிபாதியின் கதி ஆகிய யாவும் ஒரே பார்வையில் தெரியும். 125 என்ற பின்னம் இருமத்தில் சிறிதும் பிசகாமல் சேமிக்கப்படுவதால், முழுமையாக்கும் முறையைத் தவிர வேறு எதுவும் அதில் குறுக்கிடாது. அதோடு ஸ்பானிஷ் வழக்கத்துக்காக 1234 என்ற எண்ணையும் சேர்த்துக்கொள்க. அமைப்புகளில் ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்வீடிஷ், எகிப்திய அரபு, இந்தியத் தமிழ் ஆகிய ஐந்தும் போதும். இவற்றில் பிழையின்றி ஓடும் நிரல் மற்றவற்றில் அபூர்வமாகவே தடுமாறும். எல்லாவற்றிலும் முக்கியமாக, சோதனை ஓடும் யந்திரத்தின் இயல்பு அமைப்பையே சில வேளை ஜெர்மனாக மாற்றி முழுச் சோதனையையும் ஓட்டுக. எங்கே அமைப்பைச் சொல்ல மறந்தோம் என்பது அப்போது தானே வெளிப்படும்.

பயனர் தட்டும் இலக்கங்களை ஏற்கும் இடத்தில் ஒரு சிறு முடிவு செய்ய வேண்டியிருக்கும். பைதான் மொழியில் ௧௨ என்ற சரத்தை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் தயங்காமல் பன்னிரண்டு என்று மாற்றும். யூனிகோட் தசம இலக்கம் என்று வகுத்த எதையும் அது ஏற்கும். அதே பைதானில், இலக்கமா என்று பார்க்கும் தேடல் வடிவமும் தமிழ் இலக்கத்தை இலக்கம் என்றே சொல்லும். ஆகையால் அஞ்சல் குறியீட்டைச் சரிபார்த்துவிட்டோம் என்று நம்பி அச்சரத்தை அப்படியே, 0 முதல் 9 வரை மட்டும் அறிந்த மற்றொரு நிரலுக்கு அனுப்பினால் அது அங்கே முறியும். ஏற்பதாயின் உடனே 0 முதல் 9 வரையிலான இலக்கங்களாக மாற்றிக்கொள்க. ஏற்பதில்லையாயின் தேடல் வடிவத்தில் அந்தப் பத்தையும் வெளிப்படையாய்க் குறிப்பிடுக. தமிழ்ப் பூஜ்யம் யூனிகோடில் 2005இல் வந்த 4.1ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. இப்போது இடமதிப்பு முறையில் ௧௦ என்று பத்தை எழுதலாம், பைதான் அதையும் பத்து என்றே வாசிக்கும். பழைய முறையில் பத்தைக் குறிக்கும் ௰ என்ற தனிக்குறியைக் கொடுத்தால் மட்டும் எண் அன்று என்று மறுத்துவிடும். இடமதிப்பில் அடங்காத குறியாகையால், அப்படி மறுப்பதே சரி.